பாவனைப் பயிற்சி வல்லுநர் நியமனம்: செவிலியர் கல்வி

நோயாளிக்குப் பதிலாக மனித மாதிரிப் பொம்மையையோ நோயாளியாக நடிப்பவரையோ கொண்டு சிகிச்சைச் சூழலை உருவாக்கிக் கற்பிப்பது பாவனைப் பயிற்சி எனப்படும். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனையில் 1911இல் ‘மிஸஸ் சேஸ்’ பொம்மையுடன் வேரூன்றிய இம்முறை, இந்திய செவிலியர் மன்றம் 2021இல் அறிவிக்கையாக வெளியிட்ட புதிய இளநிலைப் பாடத்திட்டத்தில் முறையான இடம் பெற்றது. எனினும் மன்றத்தின் ஆசிரியர் வரிசை முதல்வர், துணை முதல்வர், பேராசிரியர், இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர், பயிற்றுநர் என்றே அமைந்திருப்பதால், பாவனைப் பயிற்சி வல்லுநரை அவ்வரிசைக்குள்ளேயே தேட வேண்டியுள்ளது. திருவனந்தபுரம் அரசு செவிலியர் கல்லூரி போன்றவற்றுக்கு, கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையமே ஆசிரியர்களைத் தெரிவு செய்கிறது.

பொம்மையை இயக்கத் தெரிவது இப்பணியின் சிறு பகுதியே. மாரடைப்பு, பேற்றுக்குப் பிந்தைய குருதிப்போக்கு போன்ற நிகழ்வை வடிவமைத்து, பயிற்சி முடிந்ததும் மாணவரை அச்சுறுத்தாமல் அவர் எடுத்த முடிவுகளை அவரே ஆராயச் செய்யும் பின்னாய்வு உரையாடலை நடத்துவதே இதன் உயிர்நாடி. ஆதலால், எழுத்துத் தேர்வோடு நிறுத்தாமல், விண்ணப்பதாரரை மாணவர் குழுவொன்றுக்குப் பயிற்சி நடத்தச் செய்து மதிப்பிடுவதே பொருத்தமான தெரிவுமுறையாகும்.