முகம் கரைந்த டிவிடி

போன சித்திரை லீவுக்கு மஸ்கெலியாவில் எங்கள் கூட்டாளி ஒருவனின் வீட்டு அலுமாரியிலிருந்து ஒரு டிவிடியை எடுத்தோம். அவனுடைய அக்காவின் சடங்கு வீட்டு டிவிடி. மேலே கறுப்புப் பேனையால் 2008 என்று எழுதியிருந்தது. எங்களுக்கு வேண்டியது சடங்கு இல்லை, ஆரம்பத்தில் பாட்டோடு ஓடுகிற பழைய குடும்பப் போட்டோக்கள். அதில் ஒன்றில் அவனுடைய அம்மாயி இருபது வயதில் நிற்கிறார். அந்தப் போட்டோவின் அசல் இப்போது வீட்டில் இல்லை. டிவிடி செய்யக் கொடுத்த ஆல்பம் திரும்பி வரவேயில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

லெப்டொப்பில் போட்டுப் பார்த்தால் அம்மாயிக்கு முகமே இல்லை. கட்டம் கட்டமாக ஏதோ ஒரு வெளிறல். "அம்மாவுக்கு மூக்குத்தி பளபளன்னு தெரியுமே, அது எங்கடா போச்சு?" என்று கூட்டாளியின் அம்மா கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

முதல் பதில் லேசானது. டிவிடி என்பது போட்டோவுக்காகச் செய்த பொருளே இல்லை. 1996இன் கடைசியில் ஜப்பானில் அது கடைக்கு வந்தபோது, அன்றைக்கு வீடுகளில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாகத்தான் வந்தது. இலங்கையிலும் இந்தியாவிலும் இருப்பது 'பால்' முறை (குடிக்கிற பால் இல்லை). அதில் படம் 625 கோடு, கண்ணுக்குத் தெரிவது 576. ஆகவே நம்ம ஊர் டிவிடியில் ஒரு படம் 720க்கு 576 புள்ளி. பெருக்கினால் 4,14,720. ஒரு சாதாரண ஆறுக்கு நாலு அங்குலப் போட்டோவை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தாலே 21 இலட்சத்து 60 ஆயிரம் புள்ளி வரும். அதில் ஐந்தில் ஒன்றுகூட டிஸ்க்கில் ஏறுவதில்லை. குடும்பமே வரிசையாக நிற்கிற படத்தில் ஒரு முகம் படத்தின் உயரத்தில் பதினைந்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். அம்மாயியின் முகத்துக்குக் கிடைத்தது 38 கோடு. மூக்குத்திக்கு ஒரு கோடு கிடைத்திருந்தால் அதிர்ஷ்டம்.

அதோடு முடியவில்லை. பழைய டிவி ஒற்றைப்படைக் கோடுகளை ஒருதரம், இரட்டைப்படைக் கோடுகளை ஒருதரம் என்று மாறி மாறிக் காட்டும். சேலைக் கரை மாதிரி மெல்லிய கோடு வந்தால் துடிக்கும். துடிப்பை அடக்க மென்பொருள் படத்தைக் கொஞ்சம் மழுக்கும். பிறகு எம்பெக்-2 முறையில் சுருக்குவார்கள். அது படத்தை எட்டுக்கு எட்டுச் சதுரங்களாக வெட்டி, இடம் போதாதபோது நுணுக்கங்களைத்தான் முதலில் தூக்கி எறியும். டிவிடியில் வீடியோவுக்கு நொடிக்கு அதிகபட்சம் 9.8 மெகாபிட். அந்த வேகத்தில் 4.7 ஜிபி டிஸ்க் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே நிரம்பிவிடும். ஆனால் சடங்கு மூன்று மணித்தியாலம்! இரண்டாவது டிஸ்க் வேண்டாம் என்று ஒன்றிலேயே திணித்தால் தரம் மூன்றில் ஒன்றாகிறது. அதிலும் தேயிலை மலையைப் பின்னால் வைத்து எடுத்த படம் என்றால் கேட்கவே வேண்டாம். ஆயிரக்கணக்கான இலை, ஒவ்வொன்றும் இடம் கேட்கும். இன்னொரு கொடுமை, போட்டோவை மெதுவாகக் கிட்டே கொண்டுவரும் அந்த 'சூம்'. சில மென்பொருட்கள் முதலில் போட்டோவைச் சின்னதாக்கிவிட்டு, சின்னதாக்கியதையே பெருப்பித்துக் காட்டின.

டிவிடி செய்த பையனைத் திட்ட எங்களுக்கு மனமில்லை. 2008இல் அவனுக்கு முன்னால் இருந்தது கண்ணாடிக் குழாய் டிவி. அதில் இதெல்லாம் தெரியாது, படம் நன்றாகவே இருந்திருக்கும். ஆல்பத்தைத் தொலைத்தது வேறு கதை.

அடுத்த கேள்வி கொஞ்சம் கனமானது. ஒரு போட்டோ போனதற்கு ஏன் இவ்வளவு துக்கம்? ஏனென்றால் அம்மாயி இளவயதில் எடுத்தது அந்த ஒரே போட்டோதான். தோட்டத்தில் நிறையக் குடும்பங்களுக்கு இதுதான் நிலைமை.

மலையகத்தில் கெமரா இல்லாமல் இல்லை. பிரித்தானியாவின் பெரிய புகைப்படக் கலைஞர்களில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரூன் 1875இல் இலங்கைக்கு வந்தார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் டிக்கோயாப் பக்கம் இறந்தார், பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். மஸ்கெலியாவிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான். அவர் இலங்கையில் எடுத்த படங்களில் தோட்டத் தொழிலாளரும் இருக்கிறார்கள். பெரும்பாலும் பெயர் இல்லாமல். கமரூனின் படங்கள் மங்கல் என்று அந்தக் காலத்திலேயே குறை சொன்னார்கள். ஆனால் அது அவர் விரும்பி வைத்த மங்கல். எங்கள் அம்மாயியிடம் யாரும் கேட்கவில்லை. பிறகு வந்த அஞ்சலட்டைகளிலும் கொழுந்து பறிக்கிற பெண்கள் வந்தார்கள். கூடை தெரியும், ஆள் யார் என்று தெரியாது.

நம்ம ஆட்கள் தாங்களே காசு கொடுத்து எடுத்த படங்கள் பல, ஒரு கடதாசிக்காக எடுத்தவை. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடும் பாதி பாதியாகப் பங்கு போட்டன. இந்தியா போக பாஸ்போட், பாஸ்போட்டுக்குப் போட்டோ. ஹட்டனுக்கு இறங்கி ஸ்டூடியோவில் நின்றபோது, பிரியப்போகிறவர்கள் கூடவே ஒரு குடும்பப் படமும் எடுத்துக்கொண்டார்கள். அம்மாயியின் படமும் அப்படித்தான். 1970களில் அவருடைய தங்கச்சி குடும்பம் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறுவதற்கு முன் எடுத்தது.

மஸ்கெலியா ஏற்கெனவே ஒருதரம் காணாமல் போன ஊர். 1960களின் கடைசியில் மவுசாக்கலை அணை கட்டியபோது பழைய டவுன் தண்ணீருக்குள் போனது. வரட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே வரும், சனம் போய்ப் பார்த்துவிட்டு வரும். டிவிடிக்குள் போன முகம் அப்படித் திரும்பி வராது. இப்போது செயலிகள் மங்கல் படத்தைத் தெளிவாக்கித் தருகின்றன என்கிறார்கள். நாங்களும் போட்டுப் பார்த்தோம். அழகான ஒரு பெண் வந்தார். அம்மாயி இல்லை.

அப்போதுதான் அம்மா சொன்னார், "ரெண்டு கொப்பி எடுத்தாங்கடா, ஒன்னு சின்னம்மா கொண்டு போனாங்க." சின்னம்மா போய்ச் சேர்ந்தது கோத்தகிரி. இந்தியா போனவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போடத் தொடங்கியிருந்தது, இங்கே கொழுந்து பறித்த கை அங்கேயும் கொழுந்து பறித்தது. சின்னம்மாவின் மகன், எங்களுக்கு மாமா முறை, போட்டோவை போனில் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். அதுவும் சுருங்கித்தான் வந்தது! "மாமா, படமா அனுப்பாதீங்க, டொக்கியுமென்டா அனுப்புங்க" என்று சொல்லிக் கொடுத்தோம். அதுவும் சரியாக வராமல், கடைசியில் அவர் கடைக்குப் போய் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து அனுப்பினார். (உங்கள் வீட்டிலும் ஸ்லைட் ஷோ டிவிடி செய்தால், அசல் ஸ்கேன்களை அதே டிஸ்க்கில் ஒரு போல்டருக்குள் போடச் சொல்லுங்கள். நாற்பது போட்டோ என்றால் நூறு எம்பிகூட வராது. ஆல்பத்தைக் கையோடு திருப்பி வாங்குங்கள்.)

ஸ்கேனைத் திறந்து அம்மாயியின் முகத்தைப் பெரிதாக்கினோம். மூக்குத்தி இருந்தது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்கிற சின்னம்மாவைப் பெரிதாக்கச் சொன்னார். சின்னம்மாவின் மூக்கில் ஓட்டை மட்டும்தான் இருந்தது.

"அவங்கதான் கழட்டிக் குடுத்திருக்காங்க," என்றார் அம்மா.