கருவாட்டுக்கு வந்த வரி

இடையஞ்சாவடிக்கு வடக்கே மரக்காணம். உப்பளமும் மீனவர் குப்பங்களும் பக்கத்துப் பக்கத்தில். ஆனா, வெள்ளைக்காரன் காலத்தில் உப்பு வரியால் மீனுக்கு உப்பு கட்டுப்படியாகவில்லை.

கருவாட்டின் சூட்சுமம் சவ்வூடுபரவல். வெளியே உப்புச் செறிவு கூடினால், மீனை அழுகவைக்கும் பாக்டீரியாவின் செல்லிலிருந்து தண்ணீர் சவ்வு வழியே வெளியேறும். செல் சுருங்கி முடங்கும். நல்ல தண்ணீரிலோ நீர் உள்ளே புகுந்து செல் விறைக்கும். உப்பில் கையைச் சுருக்கினால் பாக்டீரியா பிழைக்கும், மீன் நாறும்.

வரிக்குப் பயந்து பலர் உவர்மண்ணைத் தேய்த்தே மீனைக் காயவைத்தார்கள். பிரான்சிஸ் டேயின் 1873ஆம் ஆண்டு மீன்வள அறிக்கை இந்தக் கேட்டைப் பேசுகிறது. பிறகு சென்னை மாகாணத்தில் வரியில்லா உப்பு தரும் மீன் பதனிடும் கூடங்கள் வந்தன. உப்பை அந்த வேலிக்குள்ளேயே பயன்படுத்தணும்.

1930 வேதாரண்யத்தோடு இந்தக் கருவாட்டுக் கதையையும் நான் சேர்த்துத்தான் வாசிக்கிறேன்.