ஒத்து ஊதுகிறவனின் மூச்சு

'அவன் என்ன சொன்னாலும் இவன் ஒத்து ஊதுவான்' என்று டீக்கடையிலும் அரசியல் மேடையிலும் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். சுயபுத்தி இல்லாதவன், அடிவருடி என்று அர்த்தம். ஒரு கடினமான உழைப்பு வசைச்சொல்லாகிப் போயிருக்கிறது. நமக்கு அது உறுத்துவதேயில்லை. சாதியோடு கட்டிப்போடப்பட்ட தொழில்கள் பலவும் இப்படித்தான் நம் வசை அகராதிக்குள் போய்ச் சேர்ந்தன.

ஒத்து என்பது நாகசுரம் போலவே சீவாளி வைத்த குழல். விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. அடிப்பக்கத்துச் சிறு துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி சேர்ப்பார்கள். பெரிய மேளத்தில் நாகசுரக்காரர் ராகத்தை விரித்துக்கொண்டு போகிற நேரம் முழுக்க ஆதாரசுருதி அறுந்துவிடாமல் ஒத்துக்காரர் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சு வாங்குவதற்காகக்கூட நிறுத்தக் கூடாது. கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை அழுத்தி வெளியே தள்ளுகிற அதே நொடியில் மூக்கால் உள்ளே இழுக்கணும். சொல்றதுக்கு லேசு. டம்ளர் தண்ணீரில் ஒரு உறிஞ்சுகுழலை விட்டு, குமிழி நிற்காமல் ஊதிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் தாடை கடுத்துவிடும்.

இதே மூச்சு வித்தை ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடம் வேறொரு காரியத்துக்குப் பயன்படுகிறது. கரையான் உள்ளே குடைந்த யூகலிப்டஸ் மரம், வாய் வைக்கும் இடத்தில் தேன்மெழுகு, இதுதான் டிஜெரிடூ. அந்தப் பெயரே வெள்ளைக்காரர் காதில் விழுந்த சத்தத்தை வைத்து ஒட்டியது. வடக்கே ஆர்னெம் லாந்தின் யோல்ங்கு மக்கள் அதை யிடாக்கி என்கிறார்கள். அங்கேயும் நிற்காத ஆதார ஒலிதான். ஆனால் நாக்கும் கன்னமும் அடிவயிறும் சேர்ந்து அந்த ஒலியை வெட்டுகின்றன. காற்றை உள்ளிழுக்கிற துணுக்கு நேரமும் தாளத்தின் ஒரு அடியாகிவிடுகிறது. பயிற்சியும் வாய்ச்சொல்லில்தான் தொடங்கும். நம் தவில்காரர் தகிட, தகதிமி, தகதகிட என்று மூன்றும் நான்கும் ஐந்துமாகச் சொல்லிப் பழகிவிட்டுக் கைக்குக் கொண்டுவருவதுபோல, அவர்கள் சொற்கட்டைச் சொல்லிப் பழகி, பிறகு அந்தச் சொல்லையே குழலுக்குள் ஊதுகிறார்கள்.

ஒத்துக்காரர் இதைச் செய்தால் குற்றம். அவர் மூச்சு வெளியே கேட்டால் 'சுருதி ஆடுது' என்று திட்டு விழும். அங்கே மூச்சு தாளம். இங்கே மூச்சு மறைக்க வேண்டிய சங்கதி. தாளம் தவிலுக்கு, ராகம் நாகசுரத்துக்கு என்று பங்கு பிரித்த பிறகு ஒத்துக்கு மிஞ்சியது, இருப்பதே தெரியாமல் இருப்பது. (பூர்வகுடி என்றாலே சமத்துவம் என்று கனவு காணவும் வேண்டாம். சடங்குப் பாட்டில் பாடகரே தலைவர். பில்மா என்கிற தாளக்கட்டைகள் அவர் கையில். யிடாக்கிக்காரர் பக்கவாத்தியம்தான். ஆனால் அந்தப் பக்கவாத்தியத்தின் மூச்சு காதில் விழுகிறது.)

மூச்சைத் தாளமாக்குவது நமக்கொன்றும் தெரியாத விஷயமில்லை. காரைக்கால்மேடு மாதிரி மீனவ ஊர்களில் கரைவலை இழுத்த, கட்டுமரம் தள்ளிய கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒருத்தர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்குவார்கள். வாங்கும்போது இழுப்பு, அவர் பாடும்போது இவர்களுக்கு மூச்சு. தாளம் பிசகினால் கயிறு கையை அறுக்கும். இதை யாரும் சாதகம் என்று சொன்னதில்லை. நாட்டார் பாடல் என்று வரிகளை மட்டும் எழுதிக்கொண்டு போனவர்கள் மூச்சைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். 2004 சுனாமி இந்த ஊரைச் சூறையாடியது. அதற்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகளும் எஞ்சின்களும் இந்தக் கரை நெடுகப் பரவின. எஞ்சினுக்கு மூச்சு வாங்காது.

காரைக்கால் அம்மையாரின் மூத்த திருப்பதிகத்தில் வீணையும் மத்தளமும் குடமுழாவும் மொந்தையும் ஒரே வரிசையில் வருகின்றன, அதுவும் சுடுகாட்டில். மங்கல வாத்தியம், சாவு வாத்தியம் என்ற பாகுபாடு அந்தப் பாட்டுக்குள் இல்லை. அந்த வரிசையில் நாகசுரமும் இல்லை.

காரைக்காலுக்குப் பக்கத்துத் திருமருகலில் 1898இல் பிறந்தவர் டி.என். ராஜரத்தினம் பிள்ளை. குடுமியை எடுத்து கிராப் வைத்தார், கோட் போட்டார், ஊர்வலத்தில் நடந்துகொண்டே வாசிக்கும் நிலையை மறுத்து மேடையில் உட்கார்ந்தார். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியோடு சேர்ந்து சுருதி தாழ்ந்த, நீளமான பாரி நாகசுரத்தை நிலைநிறுத்தினார். இசை வேளாளரின் சுயமரியாதை வரலாற்றில் இதைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் நாகசுரம் கச்சேரி வாத்தியமாகிப் போன இதே காலகட்டத்தில்தான் ஒத்து கழன்றுகொண்டது. அந்த இடத்துக்குச் சுருதிப்பெட்டி வந்தது, பிறகு மின்சாரப் பெட்டி. மேலே இருந்தவர்கள் கேட்டுப் பெற்ற மரியாதை கீழே இருந்தவர் வரைக்கும் இறங்கவில்லை. அவருக்கு வேலை போயிற்று, அவ்வளவுதான். நாகசுர வரலாறு என்று எழுதப்படுவதில் வித்வான்களும் வருவார்கள், தவில்காரர்களும் வருவார்கள். ஒத்துக்காரர் பெயர் வருவது அபூர்வம்.

'அடிமை வேலைதானே, ஒழிந்தது நல்லதுதானே' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பறையைப் பற்றி 1990களில் தலித் இயக்கங்களுக்குள் இதே கேள்வி எழுந்தது. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்தவர்களும், பறையை விடுதலையின் வாத்தியமாக்குவோம் என்றவர்களும் எதிரெதிரே நின்று பேசினார்கள். இரண்டு பக்கமும் அடிக்கிறவரின் குரல் இருந்தது. ஒத்து விஷயத்தில் ஊதுகிறவரை யாரும் கேட்கவில்லை. விடுவதா மீட்பதா என்ற பேச்சு எழுவதற்கு முன்பே பெட்டி வந்துவிட்டது.