கொள்ளிடம் மணல் விவகாரம்: கருத்துக்கேட்பில் என்ன கேட்கலாம்?

2018 ஆகஸ்ட் 22 இரவு, திருச்சி முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்கமிருந்த 45 மதகுகளில் 9 உடைந்து வெள்ளத்தோடு போயின. ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டியது. அதே மாதம் ஸ்ரீரங்கம் தீவையும் நம்பர் 1 டோல்கேட்டையும் இணைத்த, போக்குவரத்து நிறுத்தப்பட்ட பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சாய்ந்தன.

மணல் கொள்ளைதான் காரணம் என்றனர் விவசாயிகள். இல்லை என்றது அரசு. வெள்ளத்தையும் அணையின் வயசையும் காட்டியது.

எது சரி?

ரெண்டும் சேர்ந்தே நடக்கலாம். மணல் எடுக்க எடுக்க ஆற்றுப்படுகை இறங்கும், தூணின் அடிப்பகுதி வெளியே தெரியும், வெள்ளம் அங்கேதான் அரிக்கும். பழைய கட்டுமானம்னா சொல்லவே வேண்டாம். அதனால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: குவாரி தொடங்கும் முன் படுகை மட்டம் எவ்வளவு, இப்போ எவ்வளவு?

இதை விட்டுட்டு, எதிர்க்கிறவரை 'வளர்ச்சிக்கு எதிரி' என்பதும், பொக்லைன் வைத்து அள்ளுபவரையும் பிழைப்புக்கு மாட்டுவண்டி ஓட்டுபவரையும் ஒரே 'மணல் கொள்ளையர்' பட்டியலில் சேர்ப்பதும் நடக்கிறது. ரெண்டாவது இன்னும் அநியாயம். 2003 முதல் ஆற்று மணல் குவாரிகளை நடத்துவதே அரசுதான்.

யார் பேசலாம்?

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கருத்துக்கேட்பு நடந்தால், ஆட்சியரோ அவர் சார்பில் வரும் அதிகாரியோ தலைமை வகிப்பார். வந்திருக்கும் எவரும் விளக்கம் கேட்கலாம். எல்லாமே வீடியோவில் பதிவாகும். முடிவில் சுருக்கத்தைத் தமிழில் வாசிக்க வேண்டும். நீங்க சொன்னது அதில் இல்லையென்றால், கையெழுத்தாகும் முன் அங்கேயே எழுந்து கேளுங்க.