உள்நோக்கித் திறந்த கதவு

கிறிஸ்துமஸ் மரம் எரிந்த கதைகளில் மெழுகுவர்த்திதான் எப்போதும் வில்லன். 1924 டிசம்பர் 24 அன்று அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் பாப்ஸ் ஸ்விட்ச் என்ற சிற்றூரில் நடந்ததையும் அப்படித்தான் சொல்வார்கள். ஓர் அறை மட்டுமே கொண்ட மரக்கட்டடப் பள்ளி. பண்டிகைக்காக ஏறத்தாழ 200 பேர் உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பரிசு கொடுக்கும் நேரத்தில், மரத்தில் இருந்த மெழுகுவர்த்தியிலிருந்து தீ பற்றியது. 36 பேர் இறந்தார்கள். அதில் பலர் குழந்தைகள்.

ஆனால் மெழுகுவர்த்தி தொடங்கி மட்டும்தான் வைத்தது. மீதி வேலையை முடித்தவை வேறு இரண்டு. அந்தப் பள்ளியின் ஒரே கதவு உள்நோக்கித் திறப்பது. இருநூறு பேர் ஒரே நேரத்தில் கதவை நோக்கி முண்டும்போது, முன்னால் நிற்பவரால் அதை எப்படித் தன் பக்கம் இழுக்க முடியும்? சரி, ஜன்னல்? வெளியாட்கள் உள்ளே புகுந்து சேதம் செய்யக் கூடாதென்று அவற்றில் உறுதியான கம்பிவலை அடித்திருந்தார்கள். வெளியாளைத் தடுக்கப் போட்ட வலை, உள்ளே இருந்தவர்களைத் தடுத்தது.

மின்விளக்கு அப்போது இல்லாமலா இருந்தது? எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் 1882இலேயே நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தை 80 சிறு பல்புகளால் அலங்கரித்துக் காட்டிவிட்டார். 1903 வாக்கில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம், இன்று நாம் சீரியல் செட் என்கிறோமே, அதை விற்கத் தொடங்கியது. ஆனால் பல்பு எரிய முதலில் கம்பம் வர வேண்டுமே! 1930களின் நடுவில்கூட அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. பாதுகாப்பான பொருள் ஒன்றைக் கண்டுபிடிப்பதற்கும், அது ஒரு கிராமத்துப் பிள்ளையின் கைக்கு வந்து சேர்வதற்கும் இடையில் இப்படி நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கிடக்கின்றன. வரலாற்றில் நிறையச் சாவுகள் நடப்பது அந்த இடைவெளியில்தான்.

இதே கணக்கு வேலையிடத்திலும் உண்டு. 1911இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் 146 தொழிலாளர்கள் இறந்தார்கள். அங்கே ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. துணி திருடிவிடுவார்கள் என்ற பயம். அந்தச் சாவுகளுக்குப் பிறகு அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1913இல் உயிர்ப் பாதுகாப்புக்கென்று ஒரு குழு அமைத்தது. அதன் வேலையிலிருந்து 1927இல் வந்தது கட்டட வெளிவழிகளுக்கான விதித்தொகுப்பு. பாப்ஸ் ஸ்விட்ச் தீக்குப் பிறகு ஒக்லஹோமாவிலும் பள்ளிக் கட்டடங்களுக்கான விதிகள் இறுகின. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்பதெல்லாம் யாரோ ஏசி அறையில் உட்கார்ந்து யோசித்ததில்லை. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு பிணவரிசை இருக்கிறது.

மரத்தின் பங்கையும் சொல்லிவிட வேண்டும். பச்சை ஊசியிலையில் தீ பட்டால், வெப்பத்தின் பெரும்பகுதி முதலில் நீரை ஆவியாக்கவே செலவாகும். வெட்டிய மரம் தண்ணீரில்லாமல் காய்ந்துவிட்டால் அந்தத் தடுப்பு போய்விடும். மிஞ்சுவது பிசினும் மெல்லிய இலைகளும், அவற்றைச் சுற்றிலும் காற்றும். அப்படிக் காய்ந்த மரம் ஒரு நிமிடத்துக்குள் முழுசாகப் பற்றி எரிவதை அமெரிக்க ஆய்வகச் சோதனைகள் படம்பிடித்துக் காட்டியிருக்கின்றன. ஓடலாமா, அணைக்கலாமா என்று யோசித்து முடிப்பதற்கே அந்த நேரம் போதாது.

நம் ஐடி அலுவலகங்களின் டிசம்பர் மரம் பிளாஸ்டிக். தண்ணீர் ஊற்றும் வேலையில்லை, மெழுகுவர்த்தியும் இல்லை. அதனால் பயமும் இல்லை. ஆனால் ஒரே ஸ்பைக் பஸ்டரில் நாலு சீரியல் செட் சொருகி, வார இறுதி முழுக்க எரியவிட்டுப் போகிறோம். மரத்தை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு, 'யாரும் நடக்காத மூலை' என்று பதில் வரும். பல இடங்களில் அந்த மூலை அவசர வழியின் வாசலாக இருக்கும். அன்றாடம் யாரும் நடக்காததால்தானே அது காலியாக இருக்கிறது!

ஆகவே அடுத்த மாதம் மரம் வைக்கும்போது விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதோடு நிற்க வேண்டாம். பின்னாலிருக்கும் கதவு திறக்கிறதா, எந்தப் பக்கம் திறக்கிறது என்று ஒருதரம் கை வைத்துத் தள்ளிப் பாருங்கள்.