அம்மா படுத்துட்டா பிள்ளையை யார் பார்ப்பது?

சேமிப்பு, கடன் பற்றி நிறைய பேர் எழுதுவீங்க. நான் பராமரிப்பு பற்றி எழுதுகிறேன்.

என் மூத்த மகனுக்குப் பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். நடக்க மாட்டான், பேச மாட்டான். ஊட்டுவது, குளிப்பாட்டுவது, வலிப்பு மாத்திரை கொடுப்பது எல்லாம் நான்தான். 2019 மழைக்காலத்தில் எனக்கு டெங்கு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். வீட்டுக்காரர் பாசமாகத்தான் பார்த்துக்கிட்டார். ஆனால் படுக்க வைத்தே ஊட்டியதில் பிள்ளைக்குப் புரையேறி மூச்சுத் திணறிவிட்டது. எந்த மாத்திரை எப்போது என்று தெரியாமல் இரண்டு வேளை தவறி, வலிப்பும் வந்தது. நான் ஊட்டுவதைப் பார்த்துப் பழகிய எங்க குழு அக்கா ஒருத்தர் ஓடிவந்து, அவனை நிமிர்த்தி உட்கார வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினார். அவர் மட்டும் இல்லாவிட்டால் என்று நினைத்தால் இன்னிக்கும் வயிறு கலங்குது.

அதற்குப் பிறகுதான் இந்தப் பிரச்சினைக்கு யார் யார் என்ன செய்திருக்காங்க என்று விசாரித்தேன்.

அந்தக் காலத்தில் கூட்டுக் குடும்பம். பாட்டி, அத்தை, சித்தி என்று நாலு கை இருந்தது. இப்போ தாம்பரம் சுற்று வட்டாரத்தில் கிராமத்திலும் தனிக்குடித்தனம்தான். ஒருத்தர் படுத்தால் அடுத்த கை இல்லை.

1985-ல் சென்னையில் பூனம் நடராஜன் மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். கோட்டூர்புரத்தில் உள்ள இன்றைய வித்யாசாகர் அதுதான். அவரும் இப்படி ஒரு பிள்ளைக்குத் தாய்.

"எங்க காலத்துக்குப் பிறகு பிள்ளைக்கு யார்?" என்று நாடு முழுக்கப் பெற்றோர்கள் கேட்டதன் பலனாக 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான சட்டம் இது. பெற்றோர் இறந்த பிறகான பாதுகாப்பு மட்டும் இல்லை, குடும்பத்துக்கு நெருக்கடி வரும் நேரத்தில் உதவி செய்வதும் இதன் நோக்கம். பிள்ளைக்கு 18 வயதானால், கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டப்படி பாதுகாவலர் கேட்டு மனு கொடுக்கலாம். நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும்.

2005-ல் நமக்குப் பக்கத்திலேயே, முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் வந்தது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், தாயானாலும் யாரானாலும், கவனிக்கிறவர் "பராமரிப்பாளர்" என்று சொல்கிறது. "சும்மா வீட்டுல இருக்கேன்" என்று சொல்லிக்கிட்டிருந்த எனக்கு அதைக் கேட்டபோது கண் கலங்கியது. 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி, வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள்.

இவ்வளவும் நல்லதுதான். ஆனால் ராத்திரி எனக்குக் காய்ச்சல் அடித்தால், காலையில் பிள்ளைக்கு ஊட்ட வருவது பக்கத்து வீட்டுக்காரர்தான். 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் குழுக்கள் தொடங்கியபோது, கஷ்டம் வரும் முன்னாடியே சேர்த்து வைக்கணும் என்றுதான் நம் பெண்கள் பழகினார்கள். பணத்துக்குச் செய்ததைப் பராமரிப்புக்கும் செய்யலாமே என்று எங்க குழுவில் பேசினோம்.

இப்போ எங்க வீட்டில் ஒரு நோட்டு இருக்கு. மாத்திரை பெயர், அளவு, நேரம், எப்படி உட்கார வைத்து ஊட்டணும், எப்படித் தூக்கணும், எந்தச் சத்தம் போட்டால் பசி, எதுக்கு வலி, படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்பது, வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதுவும் கொடுக்காமல், அஞ்சு நிமிஷம் தாண்டினால் 108-க்குப் போன் செய்வது. கூடவே மருத்துவச் சீட்டு, அடையாள அட்டை நகல், டாக்டர் நம்பர்.

நோட்டு மட்டும் போதாது. என் வீட்டுக்காரரும், அந்த அக்காவும், இன்னொரு உறுப்பினரும் மாதம் ஒரு நாள் ஒரு வேளை ஊட்டிப் பழகுகிறார்கள். நான் நல்லா இருக்கும்போதே பிள்ளை அவங்க கைக்குப் பழகணும். முதல் மாதம் அவன் வாயே திறக்கலை. மூணாவது மாதம் அந்த அக்காவைப் பார்த்துச் சிரித்தான். போன வருஷம் எனக்கு ஆபரேஷன் நடந்த பத்து நாளும் ஒரு வேளை மாத்திரைகூடத் தவறலை.

சகோதரிகளே, உங்க குழுவிலும் இப்படி ஒரு வீடு இருக்கலாம். அந்த அம்மா வெட்கப்பட்டு வாய் திறக்காமல் இருக்கலாம். அடுத்த கூட்டத்தில் நீங்களே கேளுங்கள்: "நீ படுத்துட்டா உன் பிள்ளைக்கு நான் என்ன செய்யணும், இப்பவே சொல்லிக்கொடு."