பங்கிட்ட இரகசியம்



பெட்டகத்தின் திறவுகோலை ஒருவரிடமே ஒப்படைத்தால் அவர் இறப்பினும் இடர், வஞ்சிப்பினும் இடர். பலரிடம் கொடுத்தாலோ அவருள் ஒருவர் தவறினாலே காவல் கெட்டது. வினாத்தாள் அலுமாரியின் திறவுகோலை மடியில் வைத்து உறக்கமிழந்த பாடசாலை அதிபர் எவருக்கும் இது விளங்கும்.

லியூ என்னும் கணித அறிஞர் 1968இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்குண்டு. விஞ்ஞானிகள் பதினொருவர், எவரேனும் அறுவர் கூடினாலன்றிப் பெட்டகம் திறக்கலாகாது. அதற்கு 462 பூட்டுகளும், ஆளுக்கு 252 திறவுகோல்களும் வேண்டும். விடை சரிதான், சுமப்பவர் யார்?

1979இல் ஆதி ஷமீர், ஜோர்ஜ் பிளாக்லி என்னும் இருவர் தனித்தனியே வேறு வழி கண்டனர். இருவரும் பூட்டை விட்டுக் கேத்திரகணிதத்தை நாடினர். பல தளங்கள் சந்திக்கும் புள்ளியில் இரகசியத்தை வைத்தார் பிளாக்லி. ஷமீர் கோட்டில் வைத்தார். அவர் முறையின் மிக எளிய வடிவத்தைச் சொல்கிறேன். தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரகசிய எண் 3 என்க. அங்கிருந்து படிக்கு இரண்டாக ஏறும் நேர்கோடு ஒன்று வரைவோம். முதற்படியில் 5, இரண்டாம் படியில் 7, மூன்றாம் படியில் 9. மூவருக்கும் ஆளுக்கொரு புள்ளி. எவரேனும் இருவர் கூடினால் கோடு கிடைக்கும். கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் 3 கிடைக்கும். ஆயினும் ஒரு குறையுண்டு. கோடு ஏறுமுகமானது என்றறிந்தால், 5ஐ வைத்திருப்பவர் இரகசியம் ஐந்திற்குக் குறைந்தது என்று ஊகித்துவிடுவார்.

இங்கேதான் முடிவுள்ள கேத்திரகணிதம் உதவுகின்றது. சனிக்குப்பின் மீண்டும் ஞாயிறு வருவதுபோல், 6க்குப் பின் மீண்டும் 0 வருவதாகக் கொள்வோம். உலகில் ஏழே எண்கள். இப்போது பங்குகள் 5, 0, 2. ஐந்தை வைத்திருப்பவர் எந்த எண்ணை இரகசியம் என்று கருதினாலும் அதற்கேற்ற கோடு ஒன்று, ஒன்றே ஒன்று, உண்டு. ஏழில் எதையும் அவரால் விலக்க இயலாது. அவர் அறிந்தது சிறிதன்று, ஒன்றுமேயில்லை. மூவர் கூட வேண்டுமெனில் நேர்கோட்டுக்குப் பதில் பரவளைவு. நடைமுறையில் ஏழுக்குப் பதில் மிகப் பெரிய பகா எண்.

இத்தகைய எண்ணுலகங்களை 1830இல் ஆராய்ந்தவர் பிரெஞ்சு இளைஞர் கலோவா. இரண்டாண்டுகளின்பின், இருபது வயதில், துப்பாக்கிச் சண்டையில் மாண்டார். ஒவ்வொரு தளத்திலும் ஏழே புள்ளிகளுள்ள வெளியொன்றை 1892இல் விவரித்தவர் இத்தாலியரான பானோ. பெட்டகமோ திறவுகோலோ இவர்கள் எண்ணத்தில் இருந்ததில்லை.

இம்முறைக்கும் ஓர் ஓட்டையுண்டு என்பதை 1980களில் தொம்பா, வோல் என்போர் காட்டினர். நம் மூவருள் இரண்டாமவர் 0 என்னாமல் 1 என்று பொய் சொன்னால், முதலாமவர் கணக்கிட்டு 2 என்னும் தவறான எண்ணைப் பெறுவார், ஐயுறவும் மாட்டார். பொய்யுரைத்தவரோ, தம் உண்மைப் பங்கோடு முதலாமவரின் 5ஐச் சேர்த்து, 3ஐத் தாம் மட்டும் அறிந்துகொண்டு எழுந்து போவார்.